ஓட்டிலியம்மா பாடிய அரை வரி

சரி... பேச்ச இங்க கொஞ்சம் நிறுத்திட்டு, ஒரு குட்டிக் கதை சொல்லட்டுமா? பயப்படாதீங்க, சாப்பாடு ஆறுறதுக்குள்ள முடிச்சிருவேன்.

நம்ம கோயில் பாடகர் குழுவுக்கு இன்னிக்குப் பொன்விழா. முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இதே குழுவுல டெல்ஃபின் மோத்தான்னு ஒரு பொண்ணு பாடினா. எனக்கு முன் வரிசை. அவ வாயத் திறந்தா கோயில்ல கைக்குழந்தை கூட அழுகைய நிறுத்தும். நான் வாயத் திறந்தா... நிறுத்தின குழந்தை மறுபடி ஆரம்பிச்சிரும்! எப்பேர்ப்பட்ட நாளுங்க அது. அஞ்சரைப் பூசை முடிஞ்சு எல்லாரும் பின்னாடி நின்னு சுக்குக் காப்பி குடிப்போம். டெல்ஃபின் மட்டும் கிளாஸக் கையில வச்சிக்கிட்டு இன்னும் பாடிக்கிட்டே இருப்பா. அத நினைச்சா இப்பவும் எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போகும்.

அந்த டெல்ஃபின் ஸ்காலர்ஷிப்ல ஜெர்மனிக்குப் போயி, ஆப்பரா பாடகி ஆயிட்டா. ஆப்பரான்னா என்ன? நாடகம்தான். ஆனா பேச்சு கிடையாது. சண்டை போட்டாலும் பாட்டு, செத்தாலும் பாட்டு! மைக் இல்லாம, ரெண்டாயிரம் பேருக்குக் கேக்கிற மாதிரி, மூணு மணி நேரம் மனப்பாடமாப் பாடணும்.

நடுவுல மறந்துட்டா? அதுக்கு ஒரு ஆள் உண்டு. மேடைக்கு முன்னால, தரையோட தரையா ஒரு பெட்டி. அதுக்குள்ள புத்தகத்தோட உக்காந்து, ஒவ்வொரு வரிக்கும் முதல் சொல்ல மெதுவா எடுத்துக் குடுப்பாங்க. பாடுறவளுக்குக் கேக்கணும், ஜனங்களுக்குக் கேக்கக் கூடாது. டெல்ஃபின் பாடின அரங்கத்துல அந்தப் பெட்டிக்குள்ள இருந்தது ஓட்டிலின்னு ஒரு அம்மா. முப்பத்திரெண்டு வருஷம்! யாராவது அவங்களுக்குக் கைதட்டினதுண்டா? அவங்க முகத்தையாவது யாராவது பாத்ததுண்டா?

டெல்ஃபினுக்கு முதல் பெரிய வேஷம் கிடைச்சுது. அத மேடையில பாடும்போதே ரெக்கார்டு எடுத்து வெளியிடப் போறாங்க. நல்லா வந்தா, பெரிய பெரிய அரங்கமெல்லாம் அவளக் கூப்பிடும். வரலேன்னா... பழையபடி கூட்டத்தோட கூட்டமா நின்னு பாட வேண்டியதுதான்.

மூணாவது அங்கம். புருஷனப் பிரியிற பாட்டு. வாயத் திறக்கிறா... ஒண்ணுமே வரல. சொல்லும் போச்சு, ராகமும் போச்சு. வாத்தியம் பாட்டுக்கு ஓடுது. ஓட்டிலியம்மா சொல்ல எடுத்துக் குடுத்தாங்க. முழிக்கிறா. மறுபடி குடுத்தாங்க. முழிக்கிறா! அப்பதான் அந்த அம்மா, செய்யக் கூடாத ஒண்ணச் செஞ்சாங்க... பாடினாங்க. அரை வரி. டெல்ஃபின் அதக் கெட்டியாப் பிடிச்சிக்கிட்டுப் பாடி முடிச்சா. அரங்கமே எழுந்து நின்னு தட்டுச்சு.

ஆனா ரெக்கார்டுக்கு வச்ச மைக் எங்க இருந்துச்சு? அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல! "அம்மா, உங்க குரல் ரெக்கார்டுல தெளிவா விழுந்திருக்கு"ன்னு மைக்காரர் அன்னிக்கே ஓட்டிலியம்மாகிட்ட சிரிச்சிக்கிட்டே சொல்லியிருக்கார்.

மறுநாள் ரெக்கார்டு கம்பெனிக்காரர் டெல்ஃபினக் கூப்பிட்டார். "மேடம், ஒரு இடத்துல இன்னொருத்தர் குரல் கேக்குது. அந்த வரிய மட்டும் இன்னொரு தடவை பாடிக் குடுத்தா ஒட்டிருவோம். அப்படியே இருக்கட்டும்னாலும் சரி. உங்க இஷ்டம்."

டெல்ஃபின் யோசிச்சாளா? இல்லையே! பாடிக் குடுத்துட்டா. அரை நிமிஷ வேலை. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்... ஏன், நீங்களும்தான்.

ரெக்கார்டு வந்துச்சு. பேரும் வந்துச்சு. அந்த வருஷமே ஓட்டிலியம்மா ஓய்வு பெற்றாங்க. ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் டெல்ஃபினக் காப்பிக்குக் கூப்பிட்டாங்க. போனா... அந்த அம்மாவோட அக்கா, அக்கா வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரங்க, ரொட்டிக் கடைக்காரர்னு வீடு நெறைய ஆளு. மேசையில அந்த ரெக்கார்டு.

"பெட்டிக்குள்ள உக்காந்து என்னதான் செய்யிறேன்னு கேப்பீங்கல்ல? இன்னிக்குக் கேளுங்க. மூணாவது அங்கத்துல டெல்ஃபினுக்கு முன்னாடி ஒரு குரல் வரும். அது நான்தான்!"

டெல்ஃபினுக்கு எப்படி இருந்திருக்கும்? சொல்லவும் முடியல, எழுந்து ஓடவும் முடியல. மூணாவது அங்கம் வந்துச்சு. அந்த அம்மா விரலத் தூக்கி, "இதோ... இதோ..."ங்கிறாங்க.

வந்தது டெல்ஃபின் குரல் மட்டும்தான்.

தூக்கின விரல் அப்படியே நிக்குது. பாட்டு ஓடுது. கொஞ்ச நேரம் கழிச்சு அந்த அம்மா அக்காவப் பாத்துச் சிரிச்சாங்க. "பாத்தியா, என் வேலைய எவ்வளவு நல்லா செஞ்சிருக்கேன்! கேக்கவே இல்ல." சொல்லிட்டு, டெல்ஃபின் தட்டுல இன்னொரு துண்டு கேக் வச்சாங்க.

போன கிறிஸ்மஸுக்கு டெல்ஃபின் ஊருக்கு வந்திருந்தா. "ஏ ரொசாரி, பதினேழு ரெக்கார்டு பாடிட்டேன். அந்த முதல் ரெக்கார்ட மட்டும் என்னால கேக்க முடியல. பழையத திருப்பிப் போடுங்கன்னு கம்பெனியில போயிக் கேட்டேன். அழிச்சாச்சாம். அந்த அம்மாவும் போய்ச் சேந்துட்டாங்க. எல்லாரும் அந்த மூணாவது அங்கத்துப் பாட்டத்தான் பெருசாப் பேசுறாங்க... எனக்கு அங்க மூச்சு முட்டுது." சொல்லிட்டு அழுதா. நானும் அழுதேன்.

பெரியோர்களே, தாய்மார்களே... இத ஏன் சொல்றேன்? நாம தடுக்கி விழப் போனப்ப யாரோ ஒருத்தர் கை குடுத்தாங்க. தடுக்கினது வெளிய தெரியக் கூடாதேன்னு, கை குடுத்தவங்களையே துடைச்சிட்டோம். நம்ம தப்ப மறைக்கிறதா நினைச்சு, அவங்க அன்பையும் சேத்துல்ல அழிக்கிறோம்! ஓட்டிலியம்மா கைதட்டா கேட்டாங்க? மாலையா கேட்டாங்க? அரை வரி... இருந்துட்டுப் போகட்டும்னு விட்டிருந்தா என்ன? டெல்ஃபினுக்கு இனிமே வழியில்ல. உங்களுக்கு உண்டு. அவங்க இருக்கும்போதே, நாலு பேரு முன்னால சொல்லிருங்க.

நானே ஆரம்பிக்கிறேன். போன வருஷம் இதே மேடையில நான் பேசினத ஆஹா ஓஹோன்னீங்களே... அத வரிக்கு வரி எழுதினது என் வீட்டுக்காரி பிலோமி. அந்தா, நாலாவது வரிசையில, தலையக் குனிஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கா.

எந்திரி பிலோமி... எல்லாரும் பாக்கட்டும்.