கயிற்றில் சொன்ன ஜெபமாலை

— பதினோரு மணிக்கே ஏத்திகினு வந்துட்டியா பிராங்கிளினு? ஜன்னல்லருந்து பாத்துகினு தான் கீறேன். தெருமுனைலருந்து இங்க வர்றதுக்குள்ள மூணு தபா செவுத்த புடிச்ச.

— குடிக்கல பச்சையம்மாக்கா. தோளு குத்துது. காலு வேற மரத்துப் போன மாறி கீது. ராத்திரி படுத்த வாக்கு.

— நீ படுத்த வாக்கு எனக்குத் தெரியாதா? மல்லாக்க படுத்து தெரு பூரா கொறட்ட. குந்து, இந்தப் படில குந்து. காலைல கடலுக்கு போனியா?

— போனேன். வெளிய நிக்கிற கப்பலு. நங்கூரத்துல வல சுத்திகிச்சி. காத்துக் குழாய மாட்டிகினு இருவது மீட்டர் ஆழத்துல ரெண்டு மணி நேரம் அறுத்தேன். மீதி கீது, மூணு மணிக்கு மறுபடி எறங்கணும். தைலம் இருந்தா குடு.

— அப்ப அதான். அவசரமா மேல வந்துருப்ப.

— ஐய, நான் இன்னா நேத்து பொறந்தவனா? அவ்ளோ நேரம் கீழ இருந்தா ரத்தத்துல காத்து கரைஞ்சி கெடக்கும். மூணு மீட்டர்ல கயித்த புடிச்சிகினு நாப்பது நிமிசம் தொங்கணும். அப்பால தான் மேல. தொங்குனேன்.

— தொங்கலன்னா?

— குக்கருல ஆவி அடங்கறதுக்குள்ள மூடிய தொறந்தா இன்னா ஆவும்?

— போன பொங்கலுக்கு தொறந்தேன். பருப்பு மேல் செவுத்துல இன்னும் கீது. அந்த மாறி ஒடம்புக்குள்ளயா?

— நரம்புல. காலு போயிடும், சில பேருக்கு உசிரும். அதான் நான் கணக்கா தொங்குவேன்.

— கணக்குன்னா? வாச்சு பாத்தா?

— கலீஜு தண்ணிக்கா. மூஞ்சிக்கு நேரா வெச்சாலும் முள்ளு தெரியாது. ஜெபமாலை தான். ஒரு மாலைக்கு இருவது நிமிசம். ரெண்டு சொன்னா நாப்பது.

— படகுல கீறவன் டைம் பாக்க மாட்டானா?

— மொஹ்சினா? பாப்பான். நான் தான் அவனாண்ட, என் கணக்கு மாதா கணக்கு, நீ சும்மா குந்துடான்னு சொல்லி வெச்சிகீறேன்.

— நல்லா வெச்ச. இருவது நிமிசம்னு யாரு சொன்னா?

— ஜூடி தான். வூட்ல அவ தான தெனம் சொல்றா.

— அவ சொன்னா எனக்கே தெரியுமே! அவ ஆரம்பிச்சா என் சீரியலு ஆரம்பிக்கும், அவ முடிச்சா சீரியலு முடியும். உன் பொண்டாட்டி இழுத்து இழுத்து சொல்லுவா. நீ சொல்லி நான் கேட்டதே இல்லியே. எங்க, ஜெபமாலைல ஒரு பத்து மணி உருட்டி சொல்லு. செல்லுல டைம் பாக்குறேன்.

— இப்பவா? இன்னாக்கா நீ...

— தண்ணிக்குள்ள எப்டி சொன்னியோ அப்டி.

— ...ஆமென். ...ஆமென். ...ஆமென். ...பத்து. எவ்ளோ?

— ஒரு நிமிசம்.

— செல்லு சரியா ஓடுதா?

— செல்லு ஒழுங்கா தான் ஓடுது, நீ தான் ரயிலு மாறி ஓடுற. ஒரு மாலைக்கு இப்டி அஞ்சு பத்து. நடுவுல கீறதெல்லாம் சேத்தாலும் உன் ரெண்டு மாலை பதினஞ்சு நிமிசம் வராது நைனா.

— குளுருச்சிக்கா. அதான் கொஞ்சம்... இல்லியே, எப்பவும் இப்டி தான் சொல்றேன். இத்தினி வருசம் ஒண்ணும் ஆவலியே?

— இத்தினி வருசம் ரெண்டு ரெண்டு மணி நேரமா கீழ கெடந்த?

— இல்ல... அர மணி, முக்கா மணி. இன்னிக்கு தான் இவ்ளோ நேரம்.

— போதும். மறுபடி அழுத்தம் ஏத்தி மெதுவா எறக்குவாங்கன்னு டிவில காட்னாங்களே ஒரு ரூமு, அது கீற ஆஸ்பத்திரிக்கு போலாம். தாவூதோட ஆட்டோ வாசல்ல தான் நிக்கிது.

— போனா மேஸ்திரிக்கு தெரிஞ்சிடும். கணக்கு தப்புனவன எவன் மறுபடி எறக்குவான்? எனக்கு வேற இன்னா தொழிலு தெரியும்?

— தெரியட்டும். நானே போன் போட்டு சொல்றேன். ஊருக்கே சொல்றவளுக்கு மேஸ்திரி இன்னா பெருசா? எந்திரி.

— சரி சரி. ஜூடியாண்ட மட்டும் சொல்லிடாத.

— சொல்ல மாட்டேன். எந்திரி மொதல்ல.

— அதான் எந்திரிச்சி நிக்கிறேனே, வா போலாம்.

— ஐயோ நைனா, நீ இன்னும் படில தான் குந்திகினு கீற.