இன்னொரு தடவை பாருங்க

நீளமான வாக்கியங்கள் எனக்கு ஆகாது. வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளும்போது அதைக் கொஞ்சம் கவனியுங்கள், சார். நான் பத்திரிகையில் பிழை திருத்தியவள். பிறகு இந்தத் தொண்டு நிறுவனத்துக்கு வந்தேன். நன்கொடை கேட்டு எழுதுவது, செய்தி மடலைத் திருத்துவது, சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்து கற்றுக்கொடுப்பது எல்லாம் என் தலையில்தான். சம்பளம் மட்டும் ஒன்று. குறையாகச் சொல்லவில்லை.

இஸ்திரியக்கா என் வகுப்புக்கு வந்தவர். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலை. "நின்னு நின்னு கால் வீங்குது டீச்சர். படிக்கத் தெரிஞ்சா உக்காந்து மேற்பார்வை பாக்குற வேலை தர்றேன்னு சொல்லியிருக்காங்க" என்றார். முதல் எழுத்தின் மேல் அவருடைய சூடுபட்ட விரல் தயங்கி நிற்பதை முகத்தோடு சேர்த்துப் படம் எடுத்து மடலில் போட்டு, கீழே நாலு வரி எழுதினேன். பணம் கொட்டியது. அப்படி ஒரு முகம் ஆயிரத்தில் ஒன்றுதான் அமையும்.

சிக்கல் என்னவென்றால், அவர் வேகமாகக் கற்றுக்கொண்டார். மழைக்காலம் முடிவதற்குள் வழியிலுள்ள கடைப் பலகைகளையெல்லாம் படித்துக்கொண்டே வகுப்புக்கு வர ஆரம்பித்துவிட்டார். படிக்கத் தெரிந்த பெண்ணுக்காக யார் சார் பணம் அனுப்புவார்கள்? கறக்கிற மாட்டை யாராவது அவிழ்த்து விடுவார்களா?

நான் ஒருநாளும் அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. அவர் சரியாகப் படித்தால் புருவத்தைச் சுருக்குவேன். பிறகு சிரித்துக்கொண்டே, "இன்னொரு தடவை பாருங்கக்கா" என்பேன். பார்ப்பார். அதையேதான் படிப்பார். "பரவாயில்ல, நாளைக்குப் பாப்போம்" என்று கையைத் தட்டிக்கொடுத்துப் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். தப்பாகப் படித்த அன்று பாராட்டுவேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நான் அடிக்கக்கூட இல்லை. கொஞ்ச நாளில் அவர் புத்தகத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினார்.

மேற்பார்வை வேலைக்குத் தேர்வு வைத்தார்கள். "நாலு பேர் முன்னாடி அவமானப்படணுமாக்கா?" என்று கேட்டேன். அவர் போகவில்லை. "நீங்க ஒருத்தர்தான் டீச்சர் இந்த மண்டூகத்தைத் திட்டாம வச்சிருக்கீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அது உண்மை. எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு அந்த விபத்து. சலவைக்கூடத்துப் பெரிய கொதிகலனுக்குப் புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தார்களாம். கூட வேலை பார்த்த பெண் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்னாள்.

"அக்கா சரியாத்தான் படிச்சாங்க டீச்சர். 'ஆவி அடங்கும்வரை மூடியைத் திறக்காதே'ன்னு சத்தமாப் படிச்சாங்க. அப்புறம் அவங்களே சிரிச்சுட்டு, 'நான் படிச்சா தப்பாத்தாண்டி இருக்கும்'னு சொல்லிக்கிட்டே திறந்துட்டாங்க. எனக்குப் படிக்கத் தெரியாதே, நான் என்னத்தக் கண்டேன்?"

உடம்பெல்லாம் வெந்து, சில நாள் உயிர் இருந்தது. நான் போய்ப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும், "தப்பாப் படிச்சுட்டேன் டீச்சர்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. நோயாளியிடம் வாதாடக் கூடாது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். 'அந்தப் பலகையைப் படிக்கத் தெரிந்திருந்தால்' என்ற தலைப்பில் நான் எழுதியதுபோல் இந்தத் தொழிலில் இன்னொருவர் எழுதிவிட முடியாது. அதில் வந்த பணத்தில் புதிய வகுப்பு திறந்தோம். கூட வேலை பார்த்த அந்தப் பெண்ணும் அதில் சேர்ந்தாள். அவளை நான் தடுக்கவில்லை. அவள் முகம் படத்துக்கு எடுக்காது. அவள் முதன்முதலாக முழுசாகப் படித்தது என்னுடைய அந்தக் கட்டுரையைத்தான். படித்துவிட்டு நேரே உங்களிடம் வந்திருக்கிறாள். கற்றுக்கொடுத்தவள் என்ற முறையில் எனக்கு அதில் பெருமைதான்.

இஸ்திரியக்கா பலகையைச் சரியாகப் படித்ததை ஏன் மறைத்தாய் என்று கேட்கிறீர்கள். மறைக்கவில்லை, சார். முதல் பிரதியில் அந்த வரி இருந்தது. பக்கம் நிரம்பிவிட்டது. எதையாவது வெட்ட வேண்டியிருந்தது.

நீங்கள் இப்போது எழுதிய சொல் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தாலும் படிக்க முடிகிறது. கொலை என்று எழுதியிருக்கிறீர்கள்.

பரவாயில்லை. இன்னொரு தடவை பாருங்க.