கூழாங்கல்லின் மூன்றாவது விண்ணப்பம்

கல்லில் சீட்டு ஒட்டுகிற பசை இப்போதெல்லாம் தரமாக வருவதில்லை. இதிலிருந்து ஆரம்பித்தால்தான் விசாரணைக் குழுவுக்கு என் பக்கம் விளங்கும்.

எங்கள் நிலவியல் துறையின் கீழ்த்தளத்தில் மூவாயிரத்துச் சொச்சம் பாறைத் துண்டுகள் இருக்கின்றன. முப்பது வருடம் மலைமலையாக ஏறி, முட்டி தேய்ந்து, நான் சேர்த்தவை. நாலு வருடத்துக்கு முன் பெய்த மழையில் அறைக்குள் ஈரம் இறங்கி, பாதிச் சீட்டுகள் உதிர்ந்துவிட்டன. எங்கே எடுத்தது என்று தெரியாத கல்லை வைத்துக்கொண்டு என்னால் புத்தகம் எழுத முடியாது. அதை வாசலில் கொட்டி மேலே கார் நிறுத்தலாம்.

அந்தச் சமயத்தில்தான் அவள் துறையில் மாணவியாக வந்து சேர்ந்தாள். பையில் எந்நேரமும் ஒரு கல்லோடு திரிவதால் துறையில் எல்லாருக்கும் அவள் கூழாங்கல். என் குறிப்பேடுகள் இருபத்தேழையும் கரைத்துக் குடித்துவிட்டாள். சீட்டில்லாத கல் ஒன்றைக் கொடுத்தால், ஓரத்தை நாக்கால் தொட்டு ஈரமாக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள். "சார், இது நீங்க வழுக்கி விழுந்த மலை. மேலேர்ந்து மூணாவது அடுக்கு" என்பாள். குறிப்பேட்டைப் புரட்டினால் அப்படியே இருக்கும், நான் விழுந்தது உட்பட.

வெளிநாட்டில் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்குத் துறை என்னை வழிகாட்டியாகப் போட்டிருந்தது. அவளும் விண்ணப்பிப்பதாக இருந்தாள். அவளுடைய அம்மா தொலைபேசியில் பேசினார். "அவளை உங்க கையில ஒப்படைச்சுட்டேன் சார். நீங்களா பாத்து ஒரு நல்ல எடத்துல சேத்துவிடுங்க." நானும் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்தும் கொண்டேன்.

முதல் வருடம் அவள் தன்னைப் பற்றி எழுதிய கட்டுரை நன்றாக இருந்தது. அதுதான் சிக்கல். சிறு வயதில் வீட்டுக்குப் பின்னால் கிணறு வெட்டியபோது மண் நிறம் மாறி மாறி வந்ததாம். சாப்பிடக் கூப்பிட்டும் போகாமல் மேட்டிலேயே உட்கார்ந்திருந்தாளாம். நானே இரண்டு தடவை படித்தேன். கிணற்றைத் தூக்கிவிட்டு, "பூமியின் மீது எனக்கு அளவற்ற ஆர்வம் உண்டு" என்று போடச் சொன்னேன். ஏழு இடத்திலும் மறுத்துவிட்டார்கள். நான் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டாம் வருடம் பேராசிரியர்களுக்கு முன்கூட்டியே கடிதம் எழுத வைத்தேன். எங்கள் உலகத்தில் ஒரு கறுப்புப் பாறை அடுக்கைப் பற்றித் தீராத சண்டை உண்டு. அது வெள்ளத்தில் வந்தது என்று ஒரு கட்சி, எரிமலையிலிருந்து வந்தது என்று இன்னொரு கட்சி. ஒருவர் இருக்கிற மாநாட்டில் மற்றவர் காபி குடிக்கமாட்டார். யார் எந்தக் கட்சி என்பது எனக்கு அத்துப்படி. வெள்ளக் கட்சிக்காரர்களுக்கு எரிமலையைப் புகழ்ந்தும், எரிமலைக்காரர்களுக்கு வெள்ளத்தைப் புகழ்ந்தும் எழுதச் சொன்னேன். அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"இது சரியா வருமா சார்?"

"துணிச்சலான ஆளுன்னு நெனைப்பாங்கம்மா. எழுது."

ஒன்பது மறுப்பு. இந்தத் தடவை டீயோடு இரண்டு பன்.

இதில் எனக்குச் சந்தோஷம் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் ஒவ்வொரு மறுப்பையும் படித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடுத்த கல்லை எடுப்பாள். பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அவள் இல்லாத அந்த அறையை நினைத்தால் எனக்குப் பயமாக இருந்தது. என் ஞாபகம் முழுக்க அவளிடம் இருந்தது. அது பெட்டி கட்டிக்கொண்டு விமானம் ஏறுவதை நான் எப்படி அனுமதிப்பேன், சொல்லுங்கள்.

மூன்றாம் வருடமும் அதே கடிதங்கள்தான். ஆனால் வெள்ளக்கட்சிக் கிழவர் ஒருவர் பதில் எழுதிவிட்டார். தன்னிடம் இடம் கேட்கிறவர்கள் எல்லாரும் தலையாட்டுகிறார்களாம், தன் கருத்தை மறுத்த முதல் ஆள் இவள்தானாம். முழு உதவித்தொகை, பத்து நாளில் சம்மதம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. விண்ணப்பங்களுக்கென்றே ஒரு மின்னஞ்சல் கணக்கை நான்தான் தொடங்கிக் கொடுத்திருந்தேன். திறவுச்சொல் இருவரிடமும் உண்டு. அவளுக்கு முன்னால் நான் பார்த்தேன்.

அவள் பெயரில் மறுத்து எழுதினேன். வந்த கடிதத்தையும் போன கடிதத்தையும் அழித்தேன்.

நான் செய்த ஒரே தவறு அந்தக் கடிதத்தில்தான். மொட்டையாக மறுத்தால் சந்தேகம் வரும் என்று அவள் நடையிலேயே எழுதினேன். அம்மாவை விட்டு வர முடியவில்லை என்று சொல்லி, அந்தக் கிணற்றையும், மேட்டில் உட்கார்ந்திருந்த சிறுமியையும் சேர்த்தேன். அருமையாக அமைந்துவிட்டது. படித்த கிழவருக்கு அவளை விட மனசில்லை. அம்மாவையும் அழைத்துவரச் சொல்லித் துறைக்கே தொலைபேசி போட்டு, அவளிடமே அந்தக் கிணற்றைப் பற்றியும் பேசிவிட்டார்.

மறுநாள் அவள் கீழ்த்தளத்து அறைச் சாவியை என் மேசையில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"கிணத்தைப் பத்தி உங்க ஒருத்தர்கிட்டதான் சார் சொல்லியிருக்கேன்."

அவ்வளவுதான் பேசினாள். சீட்டில்லாத கற்கள் இன்னும் நானூறு இருப்பதை எடுத்துச் சொன்னேன். திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போய்விட்டாள்.

ஆக, குற்றப்பத்திரிகையில் உள்ள எல்லாவற்றையும் செய்தது நான்தான். கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும்: அடுத்த ஆண்டு வழிகாட்டிகள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட வேண்டாம். இந்தத் துறையில் முழு உதவித்தொகையோடு ஒரு மாணவியை வெளிநாட்டுக்கு அனுப்பிய வழிகாட்டி இதுவரை நான் ஒருவன்தான்.