இருபது நிமிட மறதி

பிடோக் வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில் காலை ஒன்பதரை மணிக்கு வரும் வெளிச்சம் நல்ல வெளிச்சம். எதிர் புளோக்கின் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் முகத்தில் நிழல் கடுமையாக விழாது. தனியாக விளக்கு வைக்க வேண்டியதில்லை. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானாகக் கண்டுகொண்டேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சார். சொல்கிறேன். என் பெயர் சுரேந்தர். வயது இருபத்தொன்பது. ஆவணப்படம் எடுப்பதற்கு முன் மூன்று குறும்படங்கள் எடுத்தேன். முதலாவது, தீபாவளி விளக்குகளுக்குக் கீழே பிரியும் காதலர்கள். அதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. இரண்டாவது, லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு போனில் பேசும் ஒரு கட்டுமானத் தொழிலாளி. சமூக மன்றத்தில் திரையிட்டபோது எல்லாரும் கைதட்டினார்கள், உச்சுக்கொட்டினார்கள், பிறகு பிரியாணிக்கு வரிசையில் நின்றார்கள். படம் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான். சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் இரக்கப்பட்டுக்கொள்ள வருவார்கள்.

மூன்றாவது படத்தில் ஒரு பெண்ணுக்கு அப்பா இறந்த செய்தி வரும். நடித்தவள் கண்ணுக்குக் கீழே தைலம் தடவிக்கொண்டு அழுதாள். படம் ஓடும்போது பாதி நேரம் தூங்கிக்கொண்டிருந்த நடுவர் ஒருவர், அழுகை நம்பும்படி இல்லை என்றார். அந்த ஆள் மேல் எனக்கு மதிப்பில்லை. ஆனால் அவர் சொன்னது சரி.

அதற்குப் பிறகுதான் மோகனப்பிரியாவைச் சந்தித்தேன். மறதி நோய் வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கான ஒரு கூட்டத்தில் அவள் பேசினாள். அலுவலக வேலை, கல்யாணமாகவில்லை, அறுபத்தாறு வயது அம்மாவோடு மூவறை வீட்டில் இருக்கிறாள். அம்மாவின் பெயர் பாக்கியலட்சுமி. அப்பா சுப்பிரமணியம் பேருந்து ஓட்டுநர், இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். அது அம்மாவின் நினைவில் நிற்பதில்லை. மற்ற குடும்பங்களுக்குப் பயன்படும் என்று நான் சொன்னதும் படமெடுக்க ஒப்புக்கொண்டாள். பயன்படும் என்ற சொல்லுக்கு இந்த ஊரில் எல்லாக் கதவும் திறக்கும்.

வீட்டுப் பணிப்பெண் ஊருக்குப் போயிருந்தாள். புது ஆள் வரும்வரை காலையில் நான் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மோகனப்பிரியா கண் கலங்கிச் சாவியைக் கொடுத்தாள். நான் வற்புறுத்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவள் எனக்கு ஒரே ஒரு விதி சொன்னாள். “அப்பா எங்கன்னு கேப்பாங்க. ஷிப்ட்ல இருக்காருன்னு சொல்லிடுங்க. உண்மைய மட்டும் சொல்லாதீங்க. ஒவ்வொரு வாட்டியும் அவங்களுக்கு அது புதுசு.”

இரண்டு வருடமாகப் பெற்ற தாயிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அது அருவருப்பாக இருந்தது. என் வேலை உண்மையோடு.

இரண்டாவது வாரம், சாப்பாட்டு மேசையில் பாக்கியலட்சுமி கணவர் எங்கே என்று கேட்டபோது, ஆன்ட்டி, அவர் இறந்துட்டார் என்றேன். நடிகைகள் செய்வதுபோல் அவர் எதுவும் செய்யவில்லை. மேசைமேல் இருந்த துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த இடத்தைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “சாப்ட்டுட்டுத்தான் போனாரா, தம்பி?” என்றார். அதன் பிறகுதான் முகம் உடைந்தது. அப்படி ஒரு முகத்தை நான் அதுவரை கண்டதில்லை.

இருபது நிமிடம் அழுதார். மைலோ கலக்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, அவர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டார். எல்லாம் அழிந்துவிட்டது. துளி காயம் இல்லை. யோசித்துப் பாருங்கள், தங்காத ஒன்றை எப்படித் தீங்கு என்பது?

ஆனால் கேமரா மேசையின் மறுபக்கம் இருந்தது. பாதி முகம்தான் கிடைத்திருந்தது. மறுநாள் கேமராவை இடம் மாற்றிவைத்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னேன். அதற்கு அடுத்த நாள் லென்ஸை மாற்றினேன். ஒரு நாள் கீழே புல்வெட்டும் இயந்திரம் ஓடி ஒலியைக் கெடுத்தது, அதனால் அன்றைக்கே இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

மாதக் கடைசியில் சில மாற்றங்கள் தெரிந்தன. நான் கதவைத் திறந்தால் அவர் எழுந்து அறைக்குள் போய்விடுவார். அந்த மேசைக்கு வர மறுத்தார். காலையில் சாப்பாடு இறங்கவில்லை. மோகனப்பிரியா என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். “அந்தத் தம்பி வேணாங்கறாங்க. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க லா.” பரவாயில்லை, நோயின் அடுத்த கட்டம் என்றேன். அவள் தலையாட்டினாள். நம்புவதற்கென்றே பிறந்தவள்.

பிறகு அவர் அழுவதும் நின்றுவிட்டது. சொன்னால் வெறுமனே என்னைப் பார்ப்பார். படத்துக்கு முடிவு இல்லாமல் போயிற்று. அதனால் ஒரு வெள்ளிக்கிழமை காலை வேறு மாதிரி சொன்னேன். சுப்பிரமணியம் அங்கிள் தேக்கா சந்தையில் காத்திருக்கிறார், உங்களை வரச்சொன்னார் என்றேன். அவர் முகம் மலர்ந்ததே, அது தனி அழகு. தானே புடவை மாற்றினார், பவுடர் போட்டுக்கொண்டார். கதவை நான்தான் திறந்துவிட்டேன்.

பேருந்தில் நான் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். தேக்கா சந்தையில் காய்கறிக் கடை, கறிக்கடை, மீன் கடை என்று ஒவ்வொன்றாக நின்று கேட்டுக்கொண்டே போனார். ஒன்றரை மணி நேரம். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. நான் கேமராவோடு பத்தடி தள்ளி நடந்தேன். மோகனப்பிரியா ஏழு முறை அழைத்திருந்தாள். போன் என் பையில் இருந்தது.

மீன் கடைகளுக்கு முன்னால் தரை ஈரம். வழுக்கி விழுந்தார், பின்தலையில் அடிபட்டது. மீன்காரர் ஜமால் முகம்மது ஓடிவந்து தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, “நீங்க கூட வந்தவரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். ஆமாம் என்றிருந்தால் அவர் எழுந்து என்னிடம் வந்திருப்பார், காட்சி கலைந்திருக்கும். ஆம்புலன்ஸ் வரும்வரை கேமராவை அசைக்கவில்லை. நான்கு நாள் கழித்துப் பாக்கியலட்சுமி மருத்துவமனையில் இறந்துபோனார்.

நான் கழிப்பறைக்குப் போன நேரத்தில் அம்மா கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார், பேருந்தில் ஏறியவரைப் பின்தொடர்ந்தேன், மிரளக் கூடாதென்று தள்ளியே நடந்தேன், அதற்குள் விழுந்துவிட்டார் என்று மோகனப்பிரியாவிடம் சொன்னேன். கடைசியாக அம்மா தன் விருப்பப்படி நடந்து போனதை எடுத்துவைத்தீர்களே என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். படம் விருது வாங்கியது. முன்பு தூங்கிய அதே நடுவர் இந்த முறை கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே பேசினார். அந்த மேசைக் காட்சியைப் பற்றி மட்டும் பத்து நிமிடம்.

அதில் என் குரலை நீக்கி, அவர் தானாக நினைவு வந்து அழுவதுபோல் வெட்டி ஒட்டியவள் பவித்ரா, என் எடிட்டர். படம் வெளிவரும்வரை வாயைத் திறக்கவில்லை. விருது விழாவில் மோகனப்பிரியா எனக்குப் பூங்கொத்து கொடுத்ததைப் பார்த்த பிறகுதான், வெட்டாத பதிவு முழுவதையும் கொண்டுவந்து உங்களிடம் தந்திருக்கிறாள். மனசாட்சி என்று சொல்லியிருப்பாள். அவள் பெயரும் அந்த விருதில் இருந்தது.

செய்தேன். மறைக்க எதுவுமில்லை. அவர் எப்படியும் மறந்துகொண்டிருந்தார். நான் படத்துக்காக மட்டுமே செய்தேன்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது, சார். கணவர் இறந்ததை நான் அவரிடம் பத்தொன்பது முறை சொன்னதாகப் போட்டிருக்கிறீர்கள். அது பவித்ரா பதிவுகளைப் பார்த்து எண்ணிய கணக்கு. இருபத்து மூன்று என்று மாற்றிக்கொள்ளுங்கள். மற்ற நான்கு நாட்கள் நான் கேமரா கொண்டுபோகவில்லை.