இருபத்திமூணாவது ரூல்

— லுங்கியே கூடாதா?

— கூடாதுண்ணே. காக்கி பேன்ட், காக்கி சட்டை, கால்ல ஷூ. செருப்பு போட்டுக்கிட்டு வண்டில ஏறக்கூடாது. எட்டாவது ரூல்.

— ஷூவா! அய்ய, மேடம், இருவத்தஞ்சு வருசமா உப்பளத்துல வெறுங்கால்ல நின்னவன்மா நான். ஷூவுக்குள்ள போறியானு என் கால கேட்டுட்டுதான் சொல்லணும்.

— கம்பெனியே குடுக்கும்ணே. சைஸ் மட்டும் சொல்லுங்க.

— சைஸு இன்னானு எனக்கே தெரியாது. பத்துனு போட்டுக்கோ. கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும். கட்டோட உள்ள வுடணும்.

— என்ன கட்டு?

— ஒண்ணும் இல்லமா. சக்கர வியாதி. வெரலு சந்துல ஒரு புண்ணு, ஆறவே மாட்டேங்குது. இன்னொரு சீசன் உப்புத் தண்ணில நின்னா முட்டிக்குக் கீழ எடுத்துடணும்னு பெரியாஸ்பத்திரில சொல்லிட்டாங்க. அதுக்காகத்தான் இந்த லாரி வேலைக்கு அலையுறேன். மேல குந்தினா காலு காய்ஞ்சு கெடக்குமில்ல. கிளட்சு மெதிக்க ஒரு கொறச்சலும் இல்ல. நீ அத எழுதிடாதமா.

— எழுதலண்ணே.

— நல்லா இருப்ப. உப்பள மொதலாளி டிராக்டர பதினோரு வருசம் ஓட்டினேன். ஹெவி லைசென்ஸும் எடுத்தாச்சு. ஆனா போற கம்பெனில எல்லாம் ‘லாரில ரெண்டு வருசம் அனுபவம் இருக்குதா’னு கேட்டே தொரத்திட்டான். எவனாவது மொத நாளு வண்டிய குடுத்தாதான அனுபவம் வரும்? நானும் ஜெயசீலன்னு பேர எழுதிக் குடுத்துட்டு வந்ததோட செரி. போன வாரம் பாத்தா நீங்களே போன் பண்றீங்க. கும்புடப் போன சாமி குறுக்க வந்தாப்புல ஆயிடுச்சு. எங்கூட்டுக்காரி ஆரோவில்ல ஒரு கெஸ்ட் அவுஸ்ல பெருக்கினு இருக்குது. சேதி சொன்னதும் தொடப்பத்த போட்டுட்டு அங்கியே குந்தி அழுதுட்டுதாம்.

— ஒம்போதாவது ரூல். வண்டிக்குள்ள கேமரா இருக்கும். டிரைவர் மூஞ்சியதான் பாத்துட்டே இருக்கும். ரெண்டு செகண்டுக்கு மேல கண்ண மூடினா இங்க ஆபீஸ்ல மணி அடிக்கும்.

— தும்மல் வந்தா?

— தும்மினாலும் அடிக்கும். மூணு தடவ அடிச்சா ஒரு நாள் வண்டி கெடையாது. ரூல் ரூல்தாண்ணே.

— எங்கூட்டுக்காரி கூட என் மூஞ்சிய இவ்ளோ பாத்தது இல்லமா. செரி, அப்பறம்?

— பத்து, தார்ப்பாய் ரெண்டு சுத்து கட்டணும். பதினொண்ணு, உப்பு எறக்குற எடத்துல எடை கொறஞ்சா டிரைவர் பொறுப்பு.

— இது நாயமா? உப்ப ஈரத்தோட வாரிப் போடுறாங்க. போற வழியெல்லாம் தண்ணி வடியும். வடியாத, மானம் போவுதுனு நான் உப்புகிட்ட சொல்லவா?

— எனக்கும் தெரியும்ணே. எழுதியிருக்கறத படிக்கறேன். பதினாலு, ஒவ்வொரு நடைக்கும் வண்டி அடியில நல்ல தண்ணி அடிச்சி கழுவணும், இல்லன்னா துரு ஏறிடும். பதினஞ்சு, வழியில யாரையும் ஏத்தக்கூடாது. பதினாறு, மூணு மாசத்துக்கு லீவே கெடையாது.

— லீவே கெடையாதா?

— மூணு மாசத்துக்கு கெடையாது.

— அதுல எனக்கு ஒண்ணு கேக்கணும். நீ முடிச்சிக்கோ, கடசில கேக்கறேன்.

— பதினேழு. ரோட்டுல ஏதாவது ஆயிடுச்சு, யார் மேலயாவது வண்டி பட்டுடுச்சுன்னா, எறங்கக்கூடாது. ஜனம் கூடினா அடிச்சே கொன்னுடும். நேரா ஸ்டேஷனுக்கு ஓட்டிட்டுப் போயிடணும். மொதல்ல கம்பெனிக்கு போன். அப்பறந்தான் நூத்தி எட்டுக்கு.

— கம்பெனிக்கு மொதல்லயா?

— ஆமாம்.

— அது ஆவாது மேடம்.

— ரூல் ரூல்தாண்ணே.

— ஆவாதுமா. நான் கண்ணால பாத்தவன். போன வருசம் சித்திர மாசம். காலைல பதினோரு மணி இருக்கும், உப்பு வாரிட்டு ஈசிஆர் ரோட்டோரமா வந்துனு இருக்கேன். எனக்கு முன்னாடி ஒரு பொம்பள, அதுவும் வேற பாத்தில உப்பு வாரிட்டு வூட்டுக்குப் போவுது. பின்னாடி வந்த உப்பு லாரி தூக்கிப் போட்டுட்டுது. நின்னான். ஒரு நிமிசம் நின்னான். கண்ணாடி போட்ட சின்னப் பையன், வெள்ள சட்ட. கதவ தொறந்து எட்டிப் பாத்தான். போன எடுத்து காதுல வெச்சான். யாருகிட்டயோ பேசினான். அப்படியே ஓட்டிட்டுப் போயிட்டான். அந்தப் போன நூத்தி எட்டுக்குப் போட்டிருந்தா அந்தம்மா பொழச்சிருக்கும்.

— உடனே உயிர் போகலையா அவங்களுக்கு?

— எங்க உடனே? எனக்கு போன் கெடையாது அப்போ. ரோட்டுல நின்னு கைய காட்டி, ஒருத்தன நிறுத்தி, அவன் போன் போட்டு, வண்டி வர்றதுக்கு முக்கா மணி நேரம். அதுவரைக்கும் என் மடியிலதான் தலைய வெச்சினு இருந்தது.

— பேசினாங்களா?

— பேசுச்சு.

— என்ன பேசினாங்க?

— தண்ணி கேட்டுது. குடுத்தேன். அப்பறம், ‘பாப்பாவுக்கு பன்னெண்டர பஸ்ஸு, காலேஜ்ல இருந்து வந்துடும், வூட்டு சாவி என்கிட்ட இருக்குது’ன்னுது. முந்தானையில முடிஞ்சி வெச்சிருந்தது சாவிய. ‘அவுத்து பாப்பாகிட்ட குடுத்துடுங்க, வெயில்ல வாசல்ல நிக்கும்’னு சொல்லுச்சு. உயிரு போற நேரத்துல அதுக்கு அதான் கவல. நான் அந்தச் சாவிய போலீஸ்கிட்டதான் குடுத்தேன். பாப்பா கைக்குப் போயி சேந்துச்சோ இல்லியோ.

— சேந்திருக்கும்ணே.

— இன்னா மேடம், கண்ண தொடைக்கிறீங்க?

— ஏசி காத்து. வலிச்சுதுன்னு சொன்னாங்களா?

— இல்லமா. வலின்னு ஒரு வார்த்த சொல்லல. இது எல்லாம் அந்த ஃபாரத்துல இருக்குதா?

— இல்லண்ணே. சும்மா கேட்டேன். நீங்க என்னமோ கேக்கணும்னீங்களே.

— ஆங். வியாழக்கெழம ஒரு நாளு, ஒரே ஒரு நாளு லீவு வேணும். ரூலுல இல்லதான். அதுக்கு பதிலா நாலு ஞாயித்துக்கெழம வேணா வர்றேன். தீவாளிக்கு கூட ஓட்டுறேன்.

— அந்த லீவு சாங்ஷன் ஆயிடுச்சுண்ணே.

— நான் இப்போதானமா கேக்கறேன்?

— காலைல ஒம்போது மணிக்கு கம்பெனி கார் உங்க வீட்டுக்கே வரும். திண்டிவனம் கோர்ட்டுல எறக்கி விட்டுட்டு, முடிஞ்சதும் திரும்ப கூட்டிட்டு வந்துடும்.

— கோர்ட்டுனு நான் சொல்லவே இல்லியே!

— அந்த லாரி நம்ம லாரிண்ணே.

— இன்னாது? வண்டில வேற பேரு எழுதியிருந்துதே.

— மொதலாளியோட மச்சான் பேர்ல ஓடுது. நம்ம வண்டிதான்.

— அப்போ அந்தக் கண்ணாடி போட்ட பையன்?

— மொதலாளி பையன். ஹெவி லைசென்ஸ் இல்ல. அன்னிக்கு ஆசைக்கு ஓட்டிட்டுப் போனான். டிரைவர்னு ஸ்டேஷன்ல போய் நின்னது ராமதாஸ், நம்ம பழைய டிரைவர். ராமதாஸ்தான் ஓட்டினார்னா கம்பெனிக்கு ஒண்ணும் ஆகாது. பையன்தான் ஓட்டினான்னு ஆயிட்டா அவன் உள்ள போவணும், இன்சூரன்ஸ்காரனும் கைய விரிச்சிடுவான். பையன பாத்தேன்னு எழுதிக் குடுத்தது நீங்க ஒருத்தர்தான்.

— அதனாலதான் கூப்டீங்களா.

— அதனாலதான்.

— அனுபவம் இல்லாதவன எவன்டா கூப்புடுறான்னு நானும் ஒரு நிமிசம் யோசிச்சிருக்கணும். சந்தோசத்துல புத்தி வேல செய்யல.

— இருபத்திரெண்டு ரூல்தாண்ணே அச்சடிச்சது. உங்க தாள்ல மட்டும் கீழ ஒண்ணு பேனாவுல எழுதியிருக்கு. இருபத்திமூணு. கம்பெனில இருக்கற யாரும் கம்பெனி வண்டி மேல சாட்சி சொல்லக்கூடாது.

— ஏம்மா ரேகா, முடிஞ்சுதா இல்லியா? ஒரு கையெழுத்துக்கு ஒரு மணி நேரமா?

— சொல்லிட்டு இருக்கேன் மேனேஜர் சார்.

— நீ எழுந்திரிக்காத ஜெயசீலா, உக்காரு. காலு நோவும்.

— காலு விசயம் உங்களுக்கு யாரு சார் சொன்னா?

— விசாரிக்காம ஒருத்தன வேலைக்கு எடுப்போமாப்பா? எந்த ஆஸ்பத்திரி, எந்த மாத்திர, எல்லாம் தெரியும். உன் நல்லதுக்குத்தான். பாரு, கோர்ட்டுக்குப் போவாதனு நான் சொல்லவே மாட்டேன். தாராளமா போ. ‘உப்பு மேல வெயில் அடிச்சுது, கண்ணு கூசுச்சு, ஓட்டினது யாருனு சரியா தெரியல’. இவ்ளோதான். அந்த உப்பு வெயில்ல யாருக்குத்தான் கண்ணு தெரியும்? ஜட்ஜு கூட நம்புவாரு. புரியுதா இல்லியா?

— அந்த வெயில்லயே இருவத்தஞ்சு வருசம் நின்ன கண்ணு சார் இது.

— அதனாலதான் கெட்டுப் போச்சுன்னு சொல்லு! இன்னாப்பா நீ, நானா சொல்லித் தரணும்? போன வருசம் வேற, இப்போ நீ கம்பெனி ஆளு. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணலாமா? புரியுதா இல்லியா?

— இன்னும் உங்கூட்டுல நான் சாப்புடவே இல்லியே சார்.

— வாயி நல்லாத்தான் இருக்குது. நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள முடிச்சி வெய் ரேகா. இவன் இல்லன்னா அந்தத் தாள கிழிச்சிடு. அப்பறம் இந்த ஜில்லாவுல எவன் இவனுக்கு ஸ்டியரிங்க குடுக்குறான்னு நானும் பாக்கறேன்.

— போயிட்டாரா?

— போயிட்டார்ணே.

— நீயே கிழிச்சிடுமா. அந்தாளு கையால கிழிக்க வேணாம்.

— கிழிச்சிட்டு என்ன செய்வீங்க?

— இன்னா செய்வேன்? திரும்ப பாத்தில எறங்குவேன்.

— கால்?

— போவட்டும். ஒரு காலுதான.

— கோவத்துல சொல்றீங்க. கால் போச்சுன்னா பாத்திலயும் எறக்க மாட்டாங்க, டிராக்டரும் கெடைக்காது. உங்க வீட்டம்மா பெருக்குற காசுல உக்காந்து சாப்பிடுவீங்களா? எத்தன நாளைக்கு?

— நீயும் அந்தாளு மாதிரியே பேசுறியே!

— நடக்கறத சொல்றேன். நீங்க உண்மைய சொல்லுவீங்க. அவங்க வக்கீல் உங்க கண்ண பத்தி, சக்கரைய பத்தி, இங்க வேலை கேட்டு வந்தத பத்தி எல்லாம் கேப்பான். வேலை குடுக்கலன்னு ஆத்திரத்துல சொல்றார்னு முடிச்சிடுவான். அப்படியே ஜெயிச்சாலும் அப்பீல். அதுக்குள்ள எத்தன வருஷம் ஓடும்? செத்தவங்க எழுந்து வரப்போறதில்ல. உங்க கால் மட்டும் போயிருக்கும்.

— செத்தவங்களுக்காக இல்லமா. அம்சவல்லினு பேரு கூட எனக்கு போலீஸ்காரன் சொல்லித்தான் தெரியும். எனக்கு அந்தப் பாப்பாதான் மனசுல நிக்குது. சாவுக்குப் போயி ஒரு வார்த்த சொல்லலாம்னு பாத்தேன், அன்னிக்கு பூரா ஸ்டேஷன்லயே குந்த வெச்சிட்டானுங்க. இன்னி வரைக்கும் அத பாத்தது இல்ல. ஆனா உங்கம்மா கடசியா உன்னத்தான் நெனச்சுதுனு சொல்றதுக்கு ஒலகத்துல நான் ஒருத்தன்தான இருக்கேன்?

— சொல்லிட்டீங்கன்னு நெனச்சுக்கோங்க.

— எப்படிமா நெனைக்கிறது? உனக்கு இந்த நாக்காலி, இந்த ஏசி. அதுக்கு இன்னா இருக்குது? அப்பன் இருக்கானோ இல்லியோ. படிக்குதோ, நிறுத்திட்டுதோ. யாரோ ஒருத்தர் கோர்ட்டுல வந்து நம்ம அம்மாவுக்காக பேசுவாங்கனு காத்துனு இருக்கும்.

— காத்துட்டு இல்லண்ணே.

— உனக்கு இன்னா தெரியும்? உங்கம்மாவ இப்படி ரோட்டுல போட்டுட்டுப் போயிருந்தா தெரியும்.

— பேனா எடுங்கண்ணே. சார் வந்துடுவார்.

— எடுத்துட்டேன். எழுதினா வூடு பொழைக்கும், எனக்குத் தெரியுது. எழுதிடலாம்னுதான் தோணுது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்கு அந்தப் பொண்ணு எங்கனா எதிர்ல வந்துச்சுன்னா, அது மொகத்துல நான் எப்படிமா முழிப்பேன்?

— ஒரு மணி நேரமா அந்த மொகத்துலதாண்ணே முழிச்சிட்டு இருக்கீங்க. நானும் ஒரு கையெழுத்து போட்டேன், எனக்கு இந்த நாற்காலிய குடுத்து ஏழு மாசம் ஆகுது. இங்க, இந்த பென்சில் கோட்டு மேல போடுங்க.