கடிகார ரிப்பேர்

தள்ளி உக்காரணும்னா தள்ளி உக்கார்றேம்மா. பெஞ்சு அரசாங்கத்தோடது, ரெண்டு பேருக்கும் பாத்தியதை உண்டு. மொறைக்காத. நம்ம பெரிய அதிகாரி பக்கத்துச் சாட்சின்னு என்னைத்தான் போட்டிருக்காங்க. மேல் ஆபீஸ்லருந்து விசாரிக்க வந்த மூணு பேர் முன்னாடி, அவர் மேல நீ குடுத்ததாச் சொல்ற புகார் எங்க ஆபீசுக்கு வரவே இல்லைன்னு நான் சொல்லணும். சொல்லிட்டா நீ பொய் சொன்னவ, உனக்கு வேலை போயிரும். எனக்குத் தெரியாதா? அவர் எழுதிக் குடுத்ததை நாலு தடவை படிச்சு மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கேன். பள்ளிக்கூடத்துல இப்படிப் படிச்சிருந்தா தபால் பிரிவுல சீல் குத்திட்டு உக்காந்திருக்க மாட்டேன்.

அக்கான்னு கூப்பிடாத. கொஞ்ச நேரம் கழிச்சு, மனசு வந்தா கூப்பிடு.

நம்மளை உள்ள கூப்பிட இன்னும் நேரமாகும். நம்ம அதிகாரி, சென்ட்டுக்காரர், உள்ள இருக்கார்ல, பேச ஆரம்பிச்சா லேசுல முடிக்க மாட்டார். வாசனை அவருக்கு முன்னாடியே மாடி ஏறி வருமே, அதுக்குத்தான் அந்தப் பேரு. வெச்சது நான்தான். எதிர்ப்புன்னு பாத்தா இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல நான் காட்டினது அது ஒண்ணுதான். அதையும் பாத்ரூம்ல தண்ணியைத் தொறந்து விட்டுட்டுத்தான் சொல்லுவேன்.

என் வேலை என்னன்னு தெரியும்ல? வர்ற காகிதத்துக்கு சீல் குத்தி, நம்பர் போட்டு, ரிஜிஸ்டர்ல ஒரு வரி எழுதணும். எனக்கொரு கெட்ட பழக்கம், மொதல்ல சீலும் நம்பரும், அப்புறம்தான் படிப்பேன். நீ குடுத்ததையும் அப்படித்தான், குத்தி முடிச்சுட்டுப் படிச்சேன். வரைபடம் கொண்டான்னு அவர் உன்னை மட்டும் ரூமுக்குக் கூப்பிடுறது, கதவைச் சாத்துறது, தோள்ல கை வெக்கிறது. நீ தட்டி விட்டதும் மறுநாளே, பொம்பளைக்கு எதுக்கு சைட் வேலைன்னு கீழ பழைய பைல் ரூமுக்குத் தள்ளினது. எல்லாம் தெளிவா எழுதியிருந்தே. கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சு. நான் என்ன பண்ணேன்? உனக்கு டீ வாங்கிக் குடுத்து, அழாதம்மான்னு முதுகைத் தடவிட்டு, நேரா அவர்ட்ட எடுத்துட்டுப் போனேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறதுன்னா என்னைத்தான் சொல்லணும்.

வேற எங்க கொண்டு போறது? வர்ற தபாலெல்லாம் மொதல்ல அவர் மேசைக்குத்தான் போகணும், அதான் வழக்கம். அவர் சின்ன அதிகாரியா இருந்தப்பவும் அப்படித்தான், பெரிய அதிகாரி ஆனப்பவும் அப்படித்தான். அவர் மேலயே புகார்னாலும் அவர் மேசைதான். கிழிச்சுப் போடுன்னார். ஆனா நம்பர் விழுந்துருச்சே? ரிஜிஸ்டர்ல ஒரு வரி காலியா நின்னா தணிக்கைக்கு வர்றவர் கேப்பார். அதுக்கு நான் ஒரு வழி வெச்சிருக்கேன். அந்த வரியில, ஹால் சுவர்க் கடிகாரம் ரிப்பேர் கோரிக் கடிதம்னு எழுதிடுவேன்.

சிரிப்பு வருதா? வரட்டும்.

உனக்குன்னு புதுசாக் கண்டுபிடிச்ச வழி இல்ல. உன்னோடது பதினொண்ணாவது. கீழ பெருக்குறவங்க ரெண்டு பேரு, ஒரு டைப்பிஸ்ட், மாத்தலாகிப் போன கணக்குப் பிரிவுப் பொண்ணு, இப்படிப் பத்து பேர் உனக்கு முன்னாடி. ஆபீசுல இருக்கறதே ஒரு கடிகாரம்தான். போன வருஷம் தணிக்கைக்கு வந்தவர் பழைய ரிஜிஸ்டரையெல்லாம் புரட்டிட்டு, கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுட்டுக் கேட்டார், ஏம்மா, ஒரு கடிகாரத்தைப் பத்து தடவையா ரிப்பேர் பண்ணுவீங்கன்னு. பழசு சார், அடிக்கடி மக்கர் பண்ணும்னேன். அது அவர் தலைக்கு மேலயே டிக் டிக்னு ஓடிட்டு இருக்கு. அண்ணாந்து பாத்தார், தன் வாட்சைப் பாத்தார், ரெண்டும் ஒரே மணி. கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவ நான்தான், ஆனா அதைப் பாத்தும் பாக்காத மாதிரி சாப்பிடுறவங்களும் இருக்காங்கம்மா.

மொத தடவை இந்தக் கடிகார யோசனையைச் சொன்னப்ப சென்ட்டுக்காரர் என்னைப் பாராட்டினார். உனக்கு மூளை இருக்குன்னார். அன்னிக்கு வீட்டுல எனக்குச் சாப்பாடு எறங்கல. வீட்டுக்காரர் என்னாச்சுன்னு கேட்டார். எங்க சார் பாராட்டினார், வயிறு நெறஞ்சிருச்சுன்னேன்.

கிழிச்சுட்டியான்னா கேக்குற? இல்லம்மா. சீல் குத்தின காகிதத்தைக் கிழிக்க எனக்குக் கை வராது. தைரியம்னு நெனச்சுக்காத, பழக்கதோஷம். பதினொண்ணும் என் மேசை அடி டிராயர்ல, பழைய மை டப்பாவுக்குக் கீழதான் கெடந்துச்சு.

புகார் குடுத்தும் ஒண்ணும் நடக்கலன்னு நீ மேல் ஆபீசுக்கு எழுதினதுக்கு, நேத்து உன் மேல பொய்ப் புகார் விசாரணைன்னு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்கல்ல? ஒட்டினதும் நான்தான், அதுவும் என் வேலைதான். நாலு மூலையிலயும் பசை தடவி ஒட்டிட்டு, ரெண்டு அடி பின்னால வந்து, கோணலா இருக்கான்னு பாத்தேன். இல்ல, நேரா இருந்துச்சு. அப்பத்தாம்மா எனக்கே என்னை நெனச்சா அசிங்கமா இருந்துச்சு. இவ்வளவு வருஷம் கழிச்சான்னு கேளு. கேக்க உனக்கு உரிமை இருக்கு.

என்னைத்தான் கூப்பிடுறாங்க. இந்த டிபன் டப்பாவைக் கொஞ்சம் பிடி, அதுக்கு அடியில இருக்கற பைலை எடுக்கணும். பாரு, மேல இருக்கறது உன்னோடது. சீல், நம்பர், தேதி. ரிஜிஸ்டர்ல அதே நம்பர், அதே தேதி, அங்க கடிகாரம். பதினொண்ணும் இப்படியே பொருந்தும், நான் ஒழுங்கா வேலை பாக்குறவ. எனக்கு வேலை போகும்தான். போனா என்ன, கடிகாரக் கடையில சேத்துக்குவாங்க, அவ்வளவு அனுபவம் இருக்கு.

அடியில மஞ்சளாயிருக்கறதை ஏன் பாக்குற? அது மொதலாவது. பத்தொன்பது வருஷம் ஆச்சு. ஆமா, என் கையெழுத்துதான். நானே எழுதி, நானே சீல் குத்தி, வழக்கப்படி நானே கொண்டு போய் அவர் மேசையில வெச்சேன். அப்ப அவருக்கு ரூம் கிடையாது, ஹால்லதான் மேசை. நம்பர் போட்டுட்டியே, இப்ப ரிஜிஸ்டர்ல நீ என்னத்தை எழுதுவியாம்னு சிரிச்சுக்கிட்டே கேட்டார். அவர் மூஞ்சியைப் பாக்க முடியாம அண்ணாந்து பாத்தேன். அங்க கடிகாரம் இருந்துச்சு.