பில்டு முடியற வரைக்கும்

டார்ச்ச அணைங்கடா, சார்ஜ் போயிடும். இந்த வேன் இப்போதைக்கு நகராது. மெக்கானிக் வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்றேன். நடுவுல எவனாவது நக்கல் பண்ணீங்க, அதோட நிறுத்திடுவேன்.

மத்தியானம் மூணு மணி. லீவு நாள். ஊருக்கு வெளியில புது ரோடு... ஈ காக்கா கிடையாது. ரெண்டு பக்கமும் பாதி கட்டி விட்ட கட்டடம். ரோட்டுக் கடைசியில ஒரு ஆபீஸ். என் ஃப்ரெண்டோட சித்தப்பா அங்க மேனேஜர். கார்ல வர்றாரு. பின் சீட்டுல அவரு பொண்ணு, சின்னப் பாப்பா, தூங்கிட்டிருக்கு.

லீவன்னிக்கு ஏன் வந்தாரு? அதுக்குத் தாடின்னு எல்லாரும் கூப்பிடற ஒருத்தரப் பத்திச் சொல்லணும்.

தாடி அந்த ஆபீஸ்ல பழைய ஆளு. ஆஸ்பத்திரி மெஷினுக்குப் போற ஒரு லைப்ரரிய, அதாவது புரோகிராம் தொகுப்ப, பில்டு பண்றது அவருதான். டிரைவர் அண்ணே, உங்களுக்காகச் சொல்றேன்... நாங்க எழுதற புரோகிராம மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கறது கம்பைலர். அதுல பழைய வெர்ஷன், புது வெர்ஷன்னு உண்டு. பாதிய பழசுலயும் பாதிய புதுசுலயும் மாத்தினா ஒட்டாது, எர்ரர் அடிக்கும். இந்த லைப்ரரிக்குப் பழசுதான் சரிப்படும். அப்படி முழுசையும் மாத்தி எடுக்கறதுதான் பில்டு, மணிக்கணக்கா ஓடும். முடியற வரைக்கும் தாடி எழுந்திருக்க மாட்டாரு. பக்கத்துல ஆள் இருக்கணும்பாரு. மோதிர விரலால மேசையத் தட்டிக்கிட்டே இருப்பாரு... டொக்... டொக்... புள்ளையத் தூங்க வைக்கிற மாதிரி. எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க.

ஒருநாள் தாடிக்கு நெஞ்சு வலி. தைலத்தத் தேய்ச்சுக்கிட்டு, வீட்டுக்குப் போறேன் சார்னு வந்து நின்னாரு. கஸ்டமர் கழுத்துல உக்காந்திருக்கான். சித்தப்பா நிமிந்துகூடப் பாக்கல.

"முடிஞ்சதும் போலாம்."

சாயங்காலம் போய்ப் பாத்தா பில்டு ரெடி. தாடி மேசையில சாஞ்சு கிடக்காரு, உடம்பு சில்லுனு. சித்தப்பா என்ன பண்ணாரு தெரியுமா? கீபோர்டு மேல கிடந்த அவரு கைய ஓரமா நகத்தி வெச்சிட்டு, முதல்ல லைப்ரரிய அனுப்பினாரு. அப்புறம்தான் ஆம்புலன்ஸுக்கு போன். பாவி மனுஷன்.

அப்புறம் தாடியோட கம்ப்யூட்டர்ல பழைய கம்பைலர சித்தப்பாவே அழிச்சிட்டுப் புதுச போட்டாரு. கஸ்டமர் ஒரு திருத்தம் கேட்டான். பில்டு பண்ணா வெர்ஷன் பொருந்தலன்னு எர்ரர். அதப் பாக்கத்தான் அன்னிக்கு வந்தது. பாப்பாவ எழுப்பினா அழும், அஞ்சு நிமிஷ வேலதானேன்னு கண்ணாடிய ஒரு விரல் அளவு இறக்கிட்டு, கார வெயில்லயே பூட்டிட்டு மேல போனாரு.

கம்பைலர்கிட்ட வெர்ஷன் கேட்டாரு. அழிச்சுப்போட்ட பழசோட நம்பர் வருது. வேற எங்கயோ ஒரு காப்பி ஒளிஞ்சிருக்குன்னு மூலை முடுக்கெல்லாம் தேடினாரு. ஒண்ணும் இல்ல. திரும்பக் கேட்டாரு... அதே பழைய நம்பர். அப்பதான் அந்த வாடை. தைலம்.

வேற யாரா இருந்தாலும் விழுந்தடிச்சு ஓடியிருப்பான். இவரு, பழசே இருக்கா, நல்லதாப் போச்சு, முடிச்சிடலாம்னு பில்டு போட்டாரு. ஓடுச்சு. பாப்பாவப் பாக்கலாம்னு எழுந்து ஜன்னல் பக்கம் போனாரு... நின்னுடுச்சு. திரும்பி வந்து உக்காந்தாரு... அதுவா ஓட ஆரம்பிச்சுது.

மறுபடி எழுந்து எட்டிப் பாத்தாரு. கீழ பாப்பா முழிச்சிருக்கு. முகமெல்லாம் செவந்து, ரெண்டு கையாலயும் கண்ணாடிய அடிக்குது. அவரு காதோரமா யாரோ மெதுவா...

"முடிஞ்சதும் போலாம்."

ஓடியிருக்கலாம்ல? ஆபீஸ் கதவு தொறந்துதான் இருந்துச்சு. யாரும் பிடிச்சு வைக்கல. இன்னும் கொஞ்சந்தானேன்னு போய் உக்காந்தாரு. இத அவரே சொல்லி அழுதிருக்காரு. பில்டு முடிஞ்சுது. அப்பவும் அனுப்பிட்டுத்தான் ஓடினாரு.

காரு பூட்டினது பூட்டினபடி. சாவி இவரு பாக்கெட்டுல. கண்ணாடில ஒரு விரல் சந்துதான். உள்ள... பாப்பா இல்ல. சீட்டுக்குக் கீழ ஒத்தச் செருப்பு. கார் பூரா தைல வாடை.

போலீசு தேடாத இடமில்ல. இன்னி வரைக்கும் கிடைக்கல. சித்தி இவரு மூஞ்சில முழிக்க மாட்டேன்னு போயிட்டாங்க.

இவரு இப்பவும் அதே ஆபீஸ்லதான் கிடக்காரு. யாரும் கேக்காத அந்தப் பழைய லைப்ரரிய திரும்பத் திரும்ப பில்டு பண்றாரு. ஏன்னா அது ஓடும்போது மட்டும் மேசையில சத்தம் கேக்குமாம். தாடியோட டொக்... டொக்... கூடவே சின்னதா இன்னொண்ணு. எம் பொண்ணுக்குத் தாடி தாளம் சொல்லித் தர்றாரு, விளையாடறாங்கன்னு சிரிப்பாராம். பில்டு முடிஞ்சா சத்தம் நின்னுடும். உடனே மறுபடி போடுவாரு.

போன மாசம் என் ஃப்ரெண்டு அவரக் கூட்டிட்டுப் போகலாம்னு போயிருக்கான். பேசாம கேளுடான்னு அவன் தலையப் பிடிச்சு மேசையில அழுத்தி வெச்சாராம். அவனுக்கும் கேட்டுச்சு. முதல்ல டொக்... டொக்... அப்புறம் அந்தச் சின்னச் சத்தம்.

அது விரல் இல்லயாம். மரத்துல தட்டறதும் இல்லயாம்... உள்ளங்கையால, உள்ளேருந்து, கண்ணாடிய அடிக்கிற சத்தமாம்.